அரிஸ்டாட்டிலுக்கும் டெகார்ட்டுக்கும் நடுவில் யாருமே இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மேலை மெய்யியல் அறிமுகக் கட்டுரையைப் படித்தேன். சாக்ரடீஸ் பற்றிய பகுதி அருமை, இரண்டு தடவை படித்தேன். ஆனால் அரிஸ்டாட்டில் முடிந்த கையோடு அடுத்த பத்தியில் பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் வந்து நிற்கிறார். நடுவில் ஒரே ஒரு வரி. ஆயிரம் ஆண்டுகள் சிந்தனை உறங்கிப்போனது என்றும், அரேபியர்கள் கிரேக்க நூல்களைப் பத்திரமாக வைத்திருந்து ஐரோப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார்கள் என்றும் அந்த வரி சொல்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் சிம்ப்ளிசியஸ் என்பவர் வரும் இடத்தில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

அரிஸ்டாட்டில் இறந்தது கி.மு. 322. டெகார்ட் பிறந்தது கி.பி. 1596. நடுவில் 1900 ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது. அத்தனை தலைமுறையும் சும்மா இருந்தது என்று எழுத மனசு எப்படி வருகிறது? கட்டுரையாளரைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. நான் மாணவனாக இருந்தபோது கையில் கிடைத்த பாடநூலும் இதே தாண்டலைத்தான் தாண்டியது. நானும் அதை நம்பி, கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புளோட்டினஸைப் பற்றி அவருடைய மாணவர் போர்ஃபிரி எழுதிய வாழ்க்கைக் குறிப்பு படிக்கக் கிடைத்தது.

புளோட்டினஸ் 3ஆம் நூற்றாண்டுக்காரர். தத்துவம் கற்க வேண்டும் என்ற ஆசை 28 வயதில்தான் வந்தது. அலெக்சாந்திரியாவில் பெயர்பெற்ற ஆசிரியர்கள் ஒவ்வொருவரிடமும் போய்ப் பார்த்து, எதுவும் மனசுக்கு ஒட்டாமல் வாடிப்போயிருந்தவரை ஒரு நண்பர் அம்மோனியஸ் சாக்கஸ் என்பவரிடம் கூட்டிப்போகிறார். ஒரே ஒரு பாடம் கேட்டுவிட்டு, நான் தேடிக்கொண்டிருந்தது இவரைத்தான் என்றாராம். அங்கேயே 11 ஆண்டுகள். அதன் பிறகு பாரசீகத் தத்துவத்தையும் இந்தியத் தத்துவத்தையும் நேரிலேயே போய்த் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, பாரசீகத்தின் மேல் படையெடுத்த ரோமப் பேரரசர் மூன்றாம் கோர்டியனின் சேனையோடு கிளம்பிவிட்டார். 244இல் பேரரசர் இறந்துபோக, இவர் உயிர் தப்பி அந்தியோக்கியா வந்து, அங்கிருந்து 40 வயதில் ரோம் போய்ச் சேர்ந்தார். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உறங்கிய மனிதரின் கதை மாதிரியா இருக்கிறது?

அந்தக் குறிப்பில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் வேறு. ஆன்மா உடம்போடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று போர்ஃபிரி கேள்வி கேட்க ஆரம்பிக்கிறார். புளோட்டினஸ் விளக்குகிறார், போர்ஃபிரிக்குத் திருப்தி இல்லை, மறுபடி கேட்கிறார். இப்படியே மூன்று நாள் போகிறது. நடுவில் தௌமாசியஸ் என்று ஒருவர் வந்து, இந்தக் கேள்வி பதில் எல்லாம் எனக்கு வேண்டாம், கோர்வையாக ஒரு சொற்பொழிவு நிகழ்த்துங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று சலித்துக்கொள்கிறார். அதற்கு புளோட்டினஸ் சொன்னது: போர்ஃபிரியின் ஐயங்களை நாம் தீர்க்கவில்லை என்றால், எழுதிக்கொள்வதற்குச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது. மாணவனின் மூன்று நாள் நச்சரிப்பையும் விடாமல் பிடித்து உட்கார்ந்த ஒரு ஆசிரியரைத்தான் நாம் இருட்டில் சேர்த்துவிட்டோம். புளோட்டினஸுக்குக் கண்பார்வை சரியில்லை, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கக்கூட முடியாது. அந்தக் கட்டுரைகள் ஐம்பத்து நான்கையும் ஒன்பது ஒன்பதாக ஆறு கட்டாக ஒழுங்கு செய்து நமக்குக் கொடுத்தது அதே போர்ஃபிரிதான்.

போர்ஃபிரி தன் பங்குக்கு ஒரு சிறிய முன்னுரை நூல் எழுதினார், தர்க்கம் கற்க வருபவர்களுக்காக. அதன் தொடக்கத்தில் மூன்று கேள்விகளைப் போட்டார். குதிரை என்று பொதுவாகச் சொல்கிறோமே, இந்தக் குதிரை அந்தக் குதிரை என்று இல்லாமல் வெறும் குதிரை, அது உண்மையிலேயே இருக்கிறதா அல்லது நம் எண்ணத்தில் மட்டுமா? இருக்கிறது என்றால் உருவுள்ளதா, அருவமா? அருவம் என்றால் இந்தக் கண்ணுக்குத் தெரியும் குதிரைகளுக்குள்ளே இருக்கிறதா, தனியாக எங்கேயோ இருக்கிறதா? இவ்வளவும் கேட்டுவிட்டு, இது ஆழமான விஷயம், இங்கே பதில் சொல்லப்போவதில்லை என்று நகர்ந்துவிட்டார். அதை லத்தீனில் மொழிபெயர்த்து உரை எழுதியவர் 6ஆம் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் போயத்தியஸ். 12ஆம் நூற்றாண்டில் அபேலார், 14ஆம் நூற்றாண்டில் ஒக்காம் வில்லியம் என்று ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று அந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டினார்கள். இன்றைக்கும் அது முடிந்தபாடில்லை. எண்கள் என்பவை எங்கே இருக்கின்றன என்று கணிதத் தத்துவத்தில் நடக்கும் சண்டை அதன் பேரன் முறைதான்.

சரி, இத்தனை பேர் இருந்தும் அந்தத் தாண்டல் ஏன் நடக்கிறது? நான் யோசித்துப் பார்த்தவரை காரணம் ஒன்றுதான். இவர்களில் பெரும்பாலானோர் எழுதியது உரை. மூலத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாக விளக்கம் எழுதினார்கள். உரை என்றதும் மேற்கத்திய தத்துவ வரலாறு எழுதிய பலருக்கு இளப்பம், சொந்தமாக ஒன்றும் சொல்லத் தெரியாதவன் செய்யும் வேலை என்று நினைத்துவிட்டார்கள். அதே இளப்பம் தமிழ் வாசகருக்கு வரலாமா? பரிமேலழகரையும் நச்சினார்க்கினியரையும் படித்த நமக்கு, உரையாசிரியன் மூலத்தோடு ஒத்துப்போகிற மாதிரியே எழுதிக்கொண்டு போய் ஒரு இடத்தில் தன் கொள்கையை நுழைப்பதும், முந்தைய உரைக்காரரைப் பெயர் சொல்லாமல் மறுப்பதும் புதிதா என்ன? அதே கண்ணோடு பார்த்தால் அலெக்சாந்திரியாவும் ஏதென்ஸும் பாக்தாதும் பாரிஸும் நமக்குச் சட்டென்று புரிந்துவிடும். அரிஸ்டாட்டிலுக்குக் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பழைய உரைகளை மட்டும் 1882இலிருந்து 1909 வரை பெர்லினில் பதிப்பித்தார்கள், ஏறக்குறைய 15,000 பக்கம் வந்தது. உறங்கிக்கொண்டே எழுதக்கூடிய அளவா அது?

இப்போது சிம்ப்ளிசியஸுக்கு வருகிறேன்.

529இல் பேரரசர் ஜஸ்டினியன் ஏதென்ஸில் தத்துவம் கற்பிக்கக்கூடாது என்று தடை போட்டார். பழைய மதத்தை விடாத தத்துவவாதிகளுக்குப் பிழைப்பும் போனது, பாதுகாப்பும் போனது. தமாஸ்கியஸ், சிம்ப்ளிசியஸ் உட்பட ஏழு பேர், பாரசீக மன்னர் முதலாம் குஸ்ரு தத்துவப் பிரியர் என்று கேள்விப்பட்டு அவருடைய அரண்மனைக்குப் போனார்கள். போன இடம் நினைத்த மாதிரி இல்லை, ஊர் திரும்ப வேண்டும் என்று ஏங்கினார்கள். 532இல் ரோமுக்கும் பாரசீகத்துக்கும் சமாதான உடன்படிக்கை ஆனபோது, இந்த ஏழு பேரும் திரும்பிப் போய்த் தங்கள் நம்பிக்கையின்படியே நிம்மதியாக வாழலாம், யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று குஸ்ரு ஒரு நிபந்தனையை அதில் சேர்க்க வைத்தார் என்று அகதியாஸ் என்ற வரலாற்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். இரண்டு பேரரசுகள் போரை நிறுத்திக் கையெழுத்துப் போடும்போது ஏழு தத்துவ ஆசிரியர்களுக்காக ஒரு ஷரத்து! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

திரும்பி வந்த சிம்ப்ளிசியஸ் உரை எழுத உட்கார்ந்தார். அரிஸ்டாட்டிலின் இயற்பியல் நூலுக்கு உரை எழுதும்போது பார்மனிடீஸ் பற்றிய பேச்சு வருகிறது. சாக்ரடீஸுக்கும் முந்திய கிரேக்கச் சிந்தனையாளரான பார்மனிடீஸ் இவருக்கு ஆயிரம் ஆண்டு முந்தியவர், தன் தத்துவத்தைக் கவிதையாக எழுதியவர். அந்த இடத்தில் நிறுத்தி, பார்மனிடீஸின் வரிகளை இங்கே எழுதிவைக்கப்போகிறேன், நான் சொல்வதற்குச் சான்றாகவும் இருக்கும், அந்த நூல் கிடைப்பது அரிதாகிவிட்டது என்பதாலும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கவிதை வரிகளை அப்படியே படியெடுக்கிறார். மூல நூல் பிறகு எங்குமே கிடைக்கவில்லை. உண்மை பற்றி பார்மனிடீஸ் பாடியதில் இன்று நம் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த உரைக்குள்ளிருந்து எடுத்ததுதான். சாக்ரடீஸுக்கு முந்திய சிந்தனையாளர்களைப் பற்றி உங்கள் கட்டுரை மூன்று பத்தி பேசியது. பார்மனிடீஸைப் பற்றி அப்படிப் பேச முடிகிறது என்றால் அதற்கு யார் காரணம் என்று பாருங்கள். ஏடு அழிந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்து, தன் காலத்தில் கேட்பார் குறைந்துபோன ஒரு கல்வியை, பின்னால் யாரோ படிப்பார்கள் என்று நம்பி எழுதிவைத்த அந்தக் கை.

இன்னும் ஒன்று இருக்கிறது. சிம்ப்ளிசியஸும் ஜான் பிலோபோனஸும் அலெக்சாந்திரியாவில் அம்மோனியஸ் என்ற ஒரே ஆசிரியரிடம் பயின்றவர்கள் (முன்னால் சொன்ன அம்மோனியஸ் வேறு, இவர் ஹெர்மியாஸின் மகன்). பிலோபோனஸ் கிறிஸ்தவர். உலகம் அநாதியானது, அதற்குத் தொடக்கமே இல்லை என்ற அரிஸ்டாட்டிலின் கொள்கையை மறுத்துத் தனி நூலே எழுதினார். சிம்ப்ளிசியஸுக்கு அதைக் கண்டால் ஆகாது. பெயரைக்கூடச் சொல்லாமல் 'இலக்கணக்காரர்' என்று குறிப்பிட்டு, அவருடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டு அடிக்கிறார். பிலோபோனஸின் அந்த நூல் இன்று இல்லை. ஆனால் அதில் என்ன இருந்தது என்று பெருமளவுக்குத் தெரியும், காரணம் சிம்ப்ளிசியஸ் அடிப்பதற்கு முன் எதிராளியின் வார்த்தைகளை ஒழுங்காக மேற்கோள் காட்டியிருக்கிறார். வெறுத்தவரின் உரையில்தான் அது பிழைத்துக் கிடக்கிறது.

அந்த பிலோபோனஸ் சாதாரண ஆள் இல்லை. வில்லிலிருந்து விடுபட்ட அம்பு ஏன் தொடர்ந்து பறக்கிறது? அரிஸ்டாட்டில் சொன்ன பதில், பின்னாலிருக்கும் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகிறது என்பது. பிலோபோனஸ் கேட்டார்: அப்படியானால் நாண் எதற்கு, கை எதற்கு? அம்பை ஒரு கோலின் முனையில் வைத்துவிட்டு, ஆயிரம் எந்திரங்களைக் கொண்டுவந்து பின்னாலிருக்கும் காற்றை எவ்வளவு வேண்டுமானாலும் கிளப்பிப் பாருங்கள், ஒரு முழம்கூட நகராது. எறிபவர் எறியப்படும் பொருளுக்குள்ளேயே ஒரு உந்துதலைச் செலுத்துகிறார், அது தீரும்வரை பொருள் போகிறது என்பது அவர் முடிவு. இதைச் சொன்னது அரிஸ்டாட்டிலின் இயற்பியல் நூலுக்கு அவர் எழுதிய உரையில்; அதே உரையில், ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு கனமான இரண்டு பொருள்களை ஒரே உயரத்திலிருந்து போட்டால், எடை வித்தியாசத்தின் அளவுக்கு நேர வித்தியாசம் வருவதில்லை, மிகச் சிறிய வித்தியாசம்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். 6ஆம் நூற்றாண்டில்! உந்துதல் என்ற இந்த எண்ணத்தை 11ஆம் நூற்றாண்டுப் பாரசீக மருத்துவரும் தத்துவவாதியுமான இப்னு சீனா தன் வழியில் வளர்த்தார், 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜான் புரிடான் இன்னும் கூர்மையாக்கினார், கலிலியோ தன் இளவயது எழுத்துகளில் பிலோபோனஸின் பெயரையே சொல்கிறார். பள்ளிப் பாடத்தில் கலிலியோ திடீரென்று வானத்திலிருந்து குதித்த மாதிரி நமக்குச் சொல்லித்தருகிறார்களே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அடுத்து, அந்த வரியின் இரண்டாம் பாதி. அரேபியர்கள் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள் என்பது. பாராட்டு மாதிரி ஒலிக்கிறது, ஆனால் யோசித்தால் பெரிய அநியாயம். யாரோ கொடுத்த பெட்டியைத் திறக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தவர்கள் என்றல்லவா ஆகிறது?

முதலில் அது பெட்டியாகவே இல்லை, தேடித் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. பாக்தாதில் 9ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற சிரியாக் கிறிஸ்தவர் மொழிபெயர்ப்புப் பணியில் இருந்தார். பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் எழுதிய நிரூபணம் பற்றிய நூல் ஒன்றுக்காக மெசொப்பொத்தேமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலைந்து அலெக்சாந்திரியா வரை போனதாக அவரே எழுதியிருக்கிறார். கிடைத்தது தமஸ்கஸில், அதுவும் ஏறக்குறைய பாதி, அதுவும் வரிசை குலைந்து. அவர் ஒரே ஏட்டை நம்பி மொழிபெயர்க்கமாட்டார். பல பிரதிகளைச் சேர்த்து ஒப்பிட்டு, முதலில் பாடத்தைச் சரிசெய்துகொண்டு, அப்புறம்தான் சிரியாக்கிலோ அரபியிலோ பெயர்ப்பார். சுவடி தேடிப் பதிப்பித்தவர்களின் கதையை அறிந்த தமிழருக்கு இந்த அலைச்சலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

பெட்டியைத் திறக்கவில்லை என்பதாவது உண்மையா என்றால் அதுவும் இல்லை. இப்னு சீனா தன் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லும் சம்பவம் பலருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். அரிஸ்டாட்டிலின் மீஇயற்பியல் (மெட்டாஃபிசிக்ஸ்) நூலை 40 தடவை படிக்கிறார், மனப்பாடமே ஆகிவிடுகிறது, ஆனால் எதற்காக எழுதியிருக்கிறார் என்று மட்டும் புரியவில்லை. இது புரியவே புரியாது என்று கைவிட்டுவிடுகிறார். ஒருநாள் பிற்பகல் புத்தகக் கடைத்தெருவில் தரகர் ஒருவர் ஒரு நூலை நீட்டுகிறார். இவர் வேண்டாம் என்கிறார். உடையவருக்குப் பணமுடை, மூன்று திர்ஹம்தான், வாங்கிக்கொள்ளுங்கள் என்று தரகர் விடாமல் கேட்க, வாங்கிப் பார்த்தால் அது அந்த நூலின் நோக்கம் பற்றி அல்-ஃபாராபி எழுதிய சிறு விளக்கம். வீட்டுக்குப் போய் வேகமாகப் படித்தார், எல்லாம் திறந்துகொண்டது. மறுநாள் ஏழைகளுக்குத் தாராளமாகத் தானம் கொடுத்தாராம். ஒரு நூல் புரிந்ததற்காகத் தானம் கொடுத்த மனிதரை வெறும் காப்பாளர் என்று சொல்லலாமா?

ஒரு பொருள் என்ன என்பது வேறு, அது இருக்கிறது என்பது வேறு என்று இப்னு சீனா பிரித்துக் காட்டினார். முக்கோணம் என்றால் என்ன என்று முழுதாகத் தெரிந்துகொண்ட பிறகும், அப்படி ஒன்று உலகில் இருக்கிறதா என்ற கேள்வி பாக்கி நிற்கும். கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் இந்தப் பிரிவு இல்லாமல் 13ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவத் தத்துவவாதி தாமஸ் அக்வினாஸின் மீஇயற்பியல் இல்லை. இன்னொன்று, வெளியில் மிதக்கும் மனிதன். முழு வளர்ச்சியோடு திடீரென்று படைக்கப்பட்டு, காற்றுவெளியில் மிதந்தபடி, கண் மறைக்கப்பட்டு, கை கால் ஒன்றோடொன்று உரசாமல், எதையும் தொடாமல், கேட்காமல் இருக்கும் ஒருவன் தான் இருக்கிறேன் என்பதை அறிவானா? அறிவான் என்கிறார் இப்னு சீனா. உடம்பு இருக்கிறதா என்றே தெரியாத நிலையிலும் தான் இருப்பது தெரியும். இதைச் சொன்னவர் இறந்தது 1037இல், டெகார்ட் பிறக்க இன்னும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

நீங்கள் புதிய விடியலாகக் காட்டிய டெகார்ட்டையே கேட்போம். 'நான் தவறினாலும், தவறுகிறேன் என்பதாலேயே நான் இருக்கிறேன்' என்ற வாதம் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் இருந்த அகஸ்டின் எழுதியது. டெகார்ட்டின் காலத்திலேயே ஒருவர் அதைச் சுட்டிக்காட்ட, அவர் 1640இல் தன் ஊர் நூலகத்துக்குப் போய் அந்த இடத்தைப் படித்துப் பார்த்து நன்றி சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார். தான் அதை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துவதாகவும் விளக்கினார், அது நியாயம்தான். ஆனால் அவருக்குத் தெரிந்த முன்னோர் நமக்கு ஏன் தெரியாமல் போக வேண்டும்?

திருப்பிக் கொடுத்தார்கள் என்பதில் இன்னொரு பிழையும் உண்டு. கிரேக்க மூலங்கள் கான்ஸ்டாண்டிநோபிளில் எப்போதும் படியெடுக்கப்பட்டு, படிக்கப்பட்டு, உரை எழுதப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. அரிஸ்டாட்டிலின் நூல்களில் பல அரபி வழியாக இல்லாமல் நேராகக் கிரேக்கத்திலிருந்தே லத்தீனுக்குப் போயின, 12ஆம் நூற்றாண்டில் வெனிஸ் ஜேம்ஸும் 13ஆம் நூற்றாண்டில் மோர்பெக்கே வில்லியமும் செய்த வேலை அது. அரபியிலிருந்து ஐரோப்பா வாங்கிக்கொண்டது கிரேக்கரை மட்டும் இல்லை, இப்னு சீனாவையும் கஸ்ஸாலியையும் இப்னு ருஷ்தையும்தான். அது திருப்பிக் கொடுத்த கணக்கில் எப்படி வரும்? ஸ்பெயினின் தொலேதோவில் இப்னு சீனாவின் ஆன்மா பற்றிய நூலை மொழிபெயர்த்த விதத்தை அதன் முன்னுரையே சொல்கிறது. அவெந்தௌத் என்ற யூத அறிஞர் அரபியை ஒவ்வொரு சொல்லாகப் பேச்சுமொழியில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த குந்திசால்வி என்ற கிறிஸ்தவப் பாதிரியார் லத்தீனில் எழுதிக்கொண்டே வந்தார். ஒரு முஸ்லிமின் நூலுக்காக அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்த காட்சியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

இப்னு ருஷ்த் கதை இன்னும் மனசைப் பிசையும். 12ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் கர்தோபாக்காரர், நீதிபதி, அரிஸ்டாட்டிலின் நூல்களுக்குச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று விதமாக உரை எழுதியவர். கஸ்ஸாலி தத்துவவாதிகளை மறுத்து எழுதிய நூலுக்கு மறுப்புக்கு மறுப்பு எழுதியவர். 1195இல் அவர்மேல் பழி விழுந்து லூசேனாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பிறகு மன்னிப்புக் கிடைத்தது, 1198இல் மராக்கேஷில் இறந்தார். உடலைக் கர்தோபாவுக்குக் கொண்டுபோனபோது சுமைவிலங்கின் ஒரு பக்கம் சவப்பெட்டியையும், எடை சமமாக நிற்பதற்காக மறுபக்கம் அவர் எழுதிய நூல்களையும் கட்டியிருந்தார்கள், அதை நேரில் நின்று பார்த்தேன் என்று சூஃபி ஞானி இப்னு அரபி எழுதுகிறார். அந்த நூல்களில் சில இன்று அரபியில் இல்லை, ஹீப்ரு லத்தீன் மொழிபெயர்ப்புகளில்தான் இருக்கின்றன. பாரிஸில் அரிஸ்டாட்டிலைத் 'தத்துவவாதி' என்றே சொல்வார்கள், பெயர் வேண்டியதில்லை. இப்னு ருஷ்துக்கும் அப்படித்தான், வெறும் 'உரையாசிரியர்' என்றால் அவர். உரையாசிரியர் என்பது அங்கே எவ்வளவு பெரிய பட்டம் பாருங்கள்.

பாரிஸ் என்றதும் மத குருமார்கள், கண்மூடி நம்பிக்கை என்றுதான் பலருக்குத் தோன்றும். ஊசிமுனையில் எத்தனை தேவதூதர்கள் ஆடலாம் என்று விவாதித்தார்கள் என்பார்கள். அப்படி ஒரு விவாதம் எந்த இடைக்கால நூலிலும் கிடையாது. அவர்களை மட்டம் தட்ட 17ஆம் நூற்றாண்டில் கிளம்பிய பேச்சு அது. உண்மையில் என்ன நடந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நம் தத்துவ நூல்களில் பரபக்கம், சுபக்கம் என்று பிரிப்பார்களே, பிறர் கொள்கையை முதலில் சொல்லிவிட்டுத் தன் கொள்கைக்கு வருவது, அக்வினாஸின் பெருநூல் முழுக்க அந்த அமைப்புதான். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியை அவர் எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? இல்லை என்று சொல்பவர்களின் பக்கத்திலிருந்து. எல்லையற்ற நன்மை ஒன்று இருந்தால் உலகில் தீமை இருக்கக்கூடாது, இருக்கிறதே. இரண்டாவது, உலகில் நடப்பதையெல்லாம் இயற்கையையும் மனித அறிவையும் விருப்பத்தையும் வைத்தே விளக்கிவிடலாம், கடவுள் எதற்கு? இன்றைக்கு நாத்திகம் பேசுபவர்களும் இந்த இரண்டைத்தான் முன்வைக்கிறார்கள். எதிராளிக்கு இவ்வளவு நேர்மையாக இடம் கொடுத்துவிட்டுத்தான் தன் பதிலுக்கு வருகிறார்.

அதற்கும் 200 ஆண்டு முந்தி ஆன்செல்ம் என்ற துறவி, கடவுள் என்ற கருத்தை வைத்தே கடவுள் இருக்கிறார் என்று நிறுவிவிடலாம் என்று ஒரு சிறு நூல் எழுதினார். கவுனிலோ என்ற இன்னொரு துறவி, அப்படிப் பார்த்தால் எல்லாவற்றிலும் சிறந்த ஒரு தீவு என்று மனசில் நினைத்தாலே அந்தத் தீவும் கடலில் எங்கோ இருந்தாக வேண்டுமே என்று மடக்கினார். ஆன்செல்ம் கோபித்துக்கொள்ளவில்லை. பதில் எழுதினார், அதோடு இனி என் நூலைப் படியெடுக்கும்போது கவுனிலோவின் மறுப்பையும் என் பதிலையும் சேர்த்தே படியெடுங்கள் என்று சொல்லிவிட்டார். தன்னைக் குறை சொல்லி வந்ததைத் தன் நூலிலேயே கட்டிவைக்கச் சொன்னார் என்பதை நான் படித்த அன்று அடுத்த பக்கம் திருப்ப மனசு வரவில்லை.

இருட்டே இல்லை என்று நான் வாதாடவில்லை. 415இல் கணித, தத்துவ ஆசிரியை ஹைப்பேஷியாவை அலெக்சாந்திரியாவில் ஒரு கும்பல் இழுத்துப்போய்க் கொன்றது. போயத்தியஸ் சிறையிலிருந்து கொலைக்களத்துக்குப் போனார். 1310இல் பாரிஸில் மார்கரித் பொரேத் என்ற பெண் தான் எழுதிய நூலைத் திரும்பப் பெற மறுத்ததற்காக உயிரோடு எரிக்கப்பட்டார், கூண்டில் நின்று ஒரு வார்த்தை பேச மறுத்துவிட்டார். அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களைப் பாடம் சொல்லக்கூடாது என்று 1210இல் பாரிஸில் தடை வந்தது, 1255இல் அவையே அங்கே கட்டாயப் பாடம் ஆயின, 1277இல் ஆயர் எத்தியேன் தாம்பியே 219 கருத்துகளைப் பட்டியல் போட்டு யாரும் கற்பிக்கக்கூடாது என்றார். 219! உறங்கிக் கிடந்த ஊரில் தடை செய்வதற்கு இத்தனை கருத்துகள் எங்கிருந்து வந்தன? வகுப்பறைகளில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள், யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன அர்த்தம்?

கடைசியாக ஒரு துப்பறியும் கதை, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. அரிஸ்டாட்டில் எழுதியது என்று நம்பி ஐரோப்பா முழுக்க ஒரு சிறு நூலைப் படித்துக்கொண்டிருந்தார்கள், காரணங்களைப் பற்றியது, அரபியிலிருந்து வந்தது. 1268இல் மோர்பெக்கே வில்லியம் 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸின் புரோக்ளஸ் எழுதிய ஒரு நூலைக் கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்தார். அக்வினாஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். 1272 வாக்கில் உரை எழுதும்போது, இது அரிஸ்டாட்டில் இல்லை, அரபுத் தத்துவவாதி ஒருவர் புரோக்ளஸின் நூலிலிருந்து எடுத்துத் தொகுத்தது என்று சொல்லிவிட்டார். சரியாகச் சொன்னார். ஏதென்ஸில் கிரேக்கர் எழுதி, பாக்தாதில் அரபியாகி, தொலேதோவில் லத்தீனாகி வந்த ஒரு நூலின் பூர்வீகத்தை, கையில் இரண்டு மொழிபெயர்ப்புகள் மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்த வாசகர் அவர்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தொடர் அடுத்த வாரமும் வரும் என்று போட்டிருக்கிறீர்கள், அடுத்தது ஸ்பினோசா என்று. அவரும் 12ஆம் நூற்றாண்டு யூதத் தத்துவவாதி மைமோனிடஸைப் படித்து, அவரோடு மோதி வளர்ந்தவர்தான். ஆகவே ஸ்பினோசாவை இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். ஒரு வாரம் அலெக்சாந்திரியாவுக்கும் பாக்தாதுக்கும் கொடுங்கள், ஒரு வாரம் கர்தோபாவுக்கும் பாரிஸுக்கும். கட்டுரையாளருக்கு நேரம் இல்லை என்றால், என்னிடம் இருக்கும் குறிப்புகளை எல்லாம் அனுப்பி வைக்கிறேன், என் பெயர்கூடப் போட வேண்டாம். அதுவும் முடியாது என்றால், உறங்கியது என்ற அந்த ஒரு சொல்லுக்காவது அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்